மீண்டும் நீட் எழுதும் பிள்ளைகள்: பணம் கட்டுமுன் கணக்குப் பார்ப்போம்

மே 5 வணிகர் தினம். கடையை அடைத்துவிட்டு மாநாட்டுக்குப் புறப்படுவது நமது வழக்கம். 2019-லும் 2024-லும் மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு அதே மே 5-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மாநாட்டுக்கு வர வேண்டிய உறுப்பினர்கள் சிலர் தேர்வு மையத்து வாசலில் நிழல் தேடி நின்றிருந்தார்கள். அவர்களில் பலருடைய பிள்ளைகளுக்கு அது முதல் முறையல்ல, இரண்டாம் முறை.

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், படப்பை, வாலாஜாபாத் வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் நமக்கு இது அயலார் கதை அல்ல. 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது. பின்னர் ஒரகடம் சிப்காட் நிரம்பியது. ஷிப்டு விடும் நேரத்தைப் பார்த்துக் கடை திறக்கும் பழக்கம் நமக்கு வந்தது. தொழிலாளர் விடுதிகளுக்கு அரிசி மூட்டைகளும், வடமாநிலத்துப் பிள்ளைகளுக்குக் கடுகெண்ணெயும் கோதுமை மாவும் போகின்றன. கையில் நாலு காசு சேர்ந்ததும் நம் பிள்ளை டாக்டராக வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்தது. அதில் தவறில்லை.

ஆனால் ஜூன் மாதம் பிறந்தால் மண்டிக்கு வரும் சில்லறை வியாபாரிகளில் நாலைந்து பேராவது, “அண்ணாச்சி, இந்த மாதப் பாக்கியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், பிள்ளைக்கு மறுபடியும் கோச்சிங் பணம் கட்ட வேண்டும்” என்கிறார்கள். அந்தப் பணம் கடையின் முதல். அதோடு போவது பிள்ளையின் வயதில் ஒரு முழு வருடம். இரண்டையும் போடுமுன் கணக்குப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

மறுமுறை எழுதுவது புதிதல்ல

நமது வயதுடையவர்களுக்கு நினைவிருக்கும். 1984-ல் தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. அந்தக் காலத்தில் ‘இம்ப்ரூவ்மெண்ட்’ என்ற சொல் படித்தவர் வீடு, படிக்காதவர் வீடு எல்லாவற்றிலும் புழங்கியது. ஒரு வருடம் வீட்டில் இருந்து மதிப்பெண்ணை உயர்த்திக்கொண்டு சேர்ந்தவர்கள் பலர். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2007-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்து அந்த நுழைவுத் தேர்வு நீங்கியது. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றானது.

மருத்துவத்துக்கு மட்டும் 2017-ல் நீட் வந்து சேர்ந்தது. விலக்குக் கோரி 2021 செப்டம்பரிலும் 2022 பிப்ரவரியிலும் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. அது ஏற்கப்படவில்லை என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்த வாதத்தை அரசும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளட்டும். இந்த ஆண்டு தேர்வு எழுதும் பிள்ளைக்கு என்ன செய்வது என்பதே நமது கேள்வி.

நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் தந்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2016-17-ல் தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் மறுமுறை முயன்றவர்கள் 12.47 சதவீதம். 2020-21-ல் அது 71.42 சதவீதம். அதாவது நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் முதல் முயற்சியில் சேரவில்லை. ஆகவே முதல் முறை கிடைக்காத பிள்ளையை உதவாக்கரை என்று யாரும் நினைக்க வேண்டாம். அதே சமயம், திரும்ப எழுதினால் கிடைத்துவிடும் என்றும் இந்தக் கணக்கு சொல்லவில்லை. சேர்ந்தவர்களை மட்டுமே இது எண்ணுகிறது. திரும்ப எழுதியும் கிடைக்காதவர்கள் இந்தப் பேரேட்டில் வரவில்லை.

மதிப்பெண் எங்கே கசிந்தது?

கடையில் சரக்குக் குறைந்தால் என்ன செய்கிறோம்? உடனே புது லோடு இறக்குவதில்லை. எடை குறைந்ததா, எலி தின்றதா, கடனில் போனதா என்று பார்க்கிறோம். ஆனால் பிள்ளை மதிப்பெண் குறைந்து வந்தால் மட்டும் ஒன்றும் பாராமல் இன்னொரு கோச்சிங்குக்குப் பணம் கட்டிவிடுகிறோம்.

கணக்குப் பார்க்க வழி இருக்கிறது. 2025-ல் நடந்த தேர்வில் 180 கேள்விகள், 180 நிமிடம், 720 மதிப்பெண். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 வரவு, தவறான விடைக்கு 1 பற்று, விட்டுவிட்டால் ஒன்றுமில்லை. வினாத்தாளைப் பிள்ளை வீட்டுக்கு எடுத்து வரலாம். விடை குறித்த ஓ.எம்.ஆர். தாளின் நகலையும் விடைக்குறிப்பையும் தேர்வை நடத்தும் என்.டி.ஏ. தனது இணையதளத்தில் சில நாட்களுக்கு வைக்கிறது. அந்த நாட்களிலேயே நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தேடினால் கிடைக்காது.

ஒரு பிள்ளையின் தாளை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 140 கேள்விக்கு விடை எழுதியதில் சரி 95, தவறு 45. தொடாமல் விட்டது 40. வரவு 380, பற்று 45, நிகரம் 335.

இப்போது அந்த 45 தவறுகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். பாடமே தெரியாமல் தவறியவை 28. தெரிந்தும் தவறியவை 17: ‘பொருந்தாதது எது’ என்றிருந்ததைப் ‘பொருந்துவது எது’ என்று படித்தது, கூட்டலில் பிசகியது, ஒரு வட்டம் தள்ளி நிரப்பியது. விட்ட 40-ல், நேரம் இருந்திருந்தால் போட்டிருக்கக்கூடியவை 12.

தவறு சரியானால் அதன் பெறுமானம் 4 அல்ல, 5. போன ஒன்று திரும்புகிறது, வர வேண்டிய நான்கு வருகிறது. 17-ஐ 5-ஆல் பெருக்கினால் 85. விட்ட 12-க்கு நான்கு நான்காக 48. மொத்தம் 133. புதிதாக ஒரு பாடமும் படிக்காமலே இந்தப் பிள்ளையின் கைக்கு எட்டும் தூரத்தில் 133 மதிப்பெண் கிடக்கிறது. அத்தனையும் வராது என்றாலும், பாதியை மீட்டாலே 65-க்கு மேல். மீதி 28 தவறும், விட்டதில் மிச்சமுள்ள 28-ம் எந்தெந்தப் பாடத்தில் என்று பிரித்தால், எதைப் படிக்க வேண்டும் என்ற பட்டியல் தானே கிடைத்துவிடும்.

தெரியாத கேள்விக்குக் குருட்டாம்போக்கில் குறிக்கலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நாலு விடையில் ஒன்று சரி. அப்படி நாலு கேள்வி போட்டால் சராசரியாக ஒன்று சரியாகி 4 வரும், மூன்று தவறாகி 3 போகும். மிச்சம் 1. அதற்காக நேரத்தைச் செலவிட வேண்டாம். இரண்டு விடை நிச்சயம் தவறு என்று தெரிந்து மீதி இரண்டில் ஒன்றைக் குறிக்கும்போது கதை வேறு. அப்படி இரண்டு கேள்வி போட்டால் சராசரியாக 4 வந்து 1 போகும், மிச்சம் 3. அங்கே துணிந்து குறிக்கலாம்.

மதிப்பெண்ணும் தரவரிசையும்

2024-ல் முதலில் வெளியான முடிவில் 67 பேர் 720-க்கு 720 வாங்கியிருந்தார்கள். 2025-ல் இயற்பியல் கடினமாக வந்தது. நாட்டிலேயே முதல் இடம் பெற்றவருக்கு 686 தான். அதனால் போன முறை 500, இந்த முறை 470 என்றவுடன் பிள்ளை பின்வாங்கிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. மார்க்கெட்டே இறங்கியிருக்கும்போது நம் சரக்கின் விலை மட்டும் நிற்குமா? தரவரிசை எண்ணையும், அந்த ஆண்டு நமது பிரிவில் எந்த எண் வரை இடம் கிடைத்தது என்பதையும் பார்த்தே பேச வேண்டும்.

பாடத்திட்டமும் நிலையாக நிற்பதில்லை. 2024 தேர்வுக்குப் பல பகுதிகள் நீக்கப்பட்டன. பழைய நோட்டை வைத்துக்கொண்டு, நீக்கிய பாடத்தைப் பிள்ளை மாய்ந்து மாய்ந்து படிப்பதில் பயனில்லை. அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் பார்த்துப் பழைய பட்டியலோடு ஒத்துப்பார்ப்பது முதல் வாரத்து வேலை.

தமிழில் எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 2018-ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு வந்தது. 196 மதிப்பெண் கருணையாகத் தர உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் அதை ரத்து செய்தது. மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வினாவே முடிவானது என்பது விதி. ஆகவே தமிழில் எழுதும் பிள்ளை பக்கத்திலேயே அச்சாகியிருக்கும் ஆங்கில வினாவையும் பார்த்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குப் பாடச் சொற்களை இரு மொழியிலும் பழகிக்கொள்ள வேண்டும்.

திரும்பப் படிப்பதா, தன்னைத் தானே கேட்பதா?

பிள்ளை காலை முதல் இரவு வரை புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால் படிக்கிறது என்று நாம் மகிழ்ந்துபோகிறோம். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே பாடத்தை ஒரு சாரார் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு சாரார் ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள்.

மறுமுறை எழுதும் பிள்ளைக்கு இது மிகவும் பொருந்தும். எல்லாப் பாடமும் ஏற்கனவே பார்த்தது. புரட்டும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். தேர்வு அறையில்தான் தெரியாதது தெரியவரும். ஆகவே பக்கத்தை மூடிவைத்து எழுதச் சொல்லுங்கள். தவறியவற்றுக்கென்று ஒரு தனி நோட்டு வேண்டும். தேதி, கேள்வி, தவறியதன் காரணம், சரியான விடை. அந்த நோட்டை மூன்றாம் நாள், பத்தாம் நாள், மாதக் கடைசி என்று திரும்ப எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். நாள்வழிச் சிட்டை எழுதும் வீட்டுப் பிள்ளைக்கு இது சொல்லித்தர வேண்டிய வித்தை அல்ல. உயிரியலுக்கு மட்டும் 360 மதிப்பெண், மொத்தத்தில் சரிபாதி. அதை என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் வரிகளிலிருந்தே இப்படிக் கேட்டுக் கேட்டுப் பழக வேண்டும் என்கிறார்கள் ஆசிரியர்கள்.

இன்னொன்று நம் கையில் இருக்கிறது. தேர்வு நடப்பது பகல் 2 மணிக்குத் தொடங்கி 5 மணி வரை. நமது கடைகளில் வியாபாரம் ஓய்ந்து, நாம் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரமும் அதுதான். வீட்டில் சும்மா இருக்கிற பிள்ளை என்று கல்லாவில் உட்காரவைப்பதும் அப்போதுதான். அந்த மூன்று மணி நேரத்தைப் பிள்ளைக்கு விட்டுவிடுங்கள். வாரம் ஒருமுறை அதே நேரத்தில், கைபேசி இல்லாமல், முழுத் தாள் ஒன்றை எழுதட்டும். மறுநாள் முழுவதும் அந்தத் தாளின் தவறுகளைப் பார்க்கட்டும். தாள் மேல் தாளாக எழுதித் தள்ளிவிட்டுத் தவறைப் பாராமல் விட்டால் மதிப்பெண் நின்ற இடத்திலேயே நிற்கும். கல்லாவுக்கு ஆள் வேண்டுமென்றால் மாலையில் ஒரு மணி நேரம் உட்காரட்டும். நாலு பேர் முகம் பார்ப்பது பிள்ளைக்கும் நல்லது.

நமது ஊர்க்காரர் கதை

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுஜர் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் திருமந்திரத்தின் பொருள் கேட்கப் பதினெட்டு முறை நடந்தார் என்று நமது பகுதியில் சிறு பிள்ளையும் சொல்லும். திரும்ப எழுதும் பிள்ளைகளுக்கு ஊக்கமாக இதைப் பெரியவர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறோம். கதையின் மறுபாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் ‘நான் வந்திருக்கிறேன்’ என்றே அவர் சொன்னாராம். ‘நான் செத்து வா’ என்று நம்பி திருப்பியனுப்பினாராம். பதினெட்டாம் முறை ‘அடியேன் வந்திருக்கிறேன்’ என்று சொன்னபோதுதான் கதவு திறந்தது. போன தடவை மாதிரியே போய் நின்ற வரையில் போன தடவை மாதிரியே திரும்ப வேண்டியதாயிற்று.

தேனி மாவட்டம் சில்வார்பட்டி அரசுப் பள்ளியில் படித்த மாணவர் ஒருவர் இரண்டாம் முயற்சியில், 2020 தேர்வில், 664 மதிப்பெண் பெற்றார். ஆசிரியர்கள் கைகொடுத்து ஒரு வருடப் பயிற்சிக்கு வழி செய்திருந்தார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த முதல் ஆண்டே அந்தப் பட்டியலில் முதலிடமும் அவருக்குத்தான். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு அந்த ஒதுக்கீடு உண்டு. நமது உறுப்பினர்களின் பிள்ளைகளிலும் அப்படிப் படித்தவர்கள் இருக்கிறார்கள். சான்றுகளை முன்கூட்டியே பள்ளியில் கேட்டு வாங்கி வையுங்கள்.

பணக் கணக்கு

கோச்சிங்குக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் இருமுறை சுழலும் முதலில், ஒரு சுற்றுக்கு நூற்றுக்கு நாலு ரூபாய் நின்றால், அந்த லட்சம் மாதம் எட்டாயிரம் தந்துகொண்டிருந்தது. பத்து மாதத்தில் எண்பதாயிரம். ஆக, செலவு ஒரு லட்சம் அல்ல, ஒரு லட்சத்து எண்பதாயிரம். போடக் கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்து போடுங்கள் என்கிறோம். பிள்ளையின் குறை பாடத்தில் இல்லை, நேரத்திலும் கவனத்திலும்தான் என்று தாள் சொல்லுமானால், முழு ஆண்டு வகுப்பு தேவையில்லை. மாதிரித் தேர்வுகளும் ஒரு நல்ல ஆசிரியரின் துணையும் போதும். இயற்பியலில் அடிப்படையே இல்லை என்றால் வகுப்பு அவசியம்.

பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். பயிற்சி மையக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை பாதியில் நின்றால் மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. சேரும்போதே அதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள்.

எத்தனை முறை?

எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு நீட் விதியில் வரம்பில்லை. ஆகவே வரம்பை வீட்டில்தான் வைக்க வேண்டும். பணம் கட்டுமுன் பிள்ளையோடு உட்கார்ந்து பேசி, இந்த ஒரு முறை, அதற்குப் பின் இன்ன படிப்பு என்று முடிவு செய்துகொள்வது நல்லது. பொறியியலுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். வேளாண்மை, மருந்தாளுநர், செவிலியர் படிப்புகளும் இருக்கின்றன. நமது வாசலிலேயே இத்தனை தொழிற்சாலைகள் நிற்கின்றன. இரண்டாவது வழி கண்ணுக்குத் தெரிந்த பிள்ளை தேர்வு அறையில் நடுங்காது.

இதைவிட முக்கியமான ஒன்று. ராஜஸ்தானில் கோட்டா நகரம் பயிற்சி மையங்களுக்குப் பெயர் போனது. மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட துயரங்கள் பெருகியதால், 2023 ஆகஸ்டில் இரண்டு மாதங்களுக்கு மையங்களில் தேர்வே நடத்தக் கூடாது என்று அந்த மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்திருக்கிறோம். கடையில் வாடிக்கையாளர் நிற்கும்போது, “இவன் ரெண்டு வருஷமா வீட்டிலேதான் இருக்கான்” என்று நாம் சிரித்துக்கொண்டு சொல்வது பிள்ளையின் நெஞ்சில் எங்கே போய்த் தைக்கும் என்று நமக்குத் தெரியாது. அக்கம்பக்கத்தார் மதிப்பெண் கேட்டால் நாம் பதில் சொல்லி அனுப்பிவிட வேண்டும். பிள்ளையை அழைத்து நிறுத்தக் கூடாது. தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பேச்சு நின்றுபோனால் படிப்பை ஓரம் வைத்துவிட்டு உடனே கவனியுங்கள். 104 என்ற எண்ணிலும், 14416 என்ற டெலி-மானஸ் எண்ணிலும் கட்டணமின்றிப் பேச ஆள் இருக்கிறார்கள்.

வட்டாரச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீட் விடைக்குறிப்பு வெளியாகும் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நமது சங்கக் கட்டடத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். வினாத்தாளும் ஓ.எம்.ஆர். நகலும் கொண்டுவரட்டும். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்கள் இருவரையும், நமது வட்டாரத்திலிருந்து மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் சிலரையும் அழைத்து, தாளைப் பிரித்துப் பார்க்க உதவச் சொல்லுங்கள். பழைய புத்தகங்களை வைக்க ஓர் அலமாரி போதும். காப்பி, பலகாரத்துக்கு ஆகும் சரக்கை மண்டியிலிருந்து நாமே அனுப்பி வைக்கிறோம்.